அடிக்காத பாட்டு

துக்கம் வந்தால் கவிதை தானாக ஊற்றெடுக்குமாம். அப்படிச் சொன்ன யாருக்கும் புருஷன் செத்ததில்லை. பெர்மெத்தின் கணவன் சத்தார், குதிரைகளைத் தேடிக் கணவாய்க்குப் போய்ப் பனிச்சரிவில் புதைந்து செத்தவன். நாரின் என்ற அந்த மலைவட்டாரத்திலேயே பேர்போன பாட்டுக்காரி அவள். ஆனாலும் வழக்கப்படி கூடாரத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டிய அன்று வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. மற்ற பெண்கள்தான் பாடினார்கள். குளிர்காலம் முழுக்க அப்படியே கிடந்தாள். பிறகு, பால் கறக்கும்போது பசுவைத் திட்டித் திட்டி, ஒவ்வொரு அடியாகப் பாட்டைத் திரும்பப் பிடித்தாள். அது அழுது வந்ததல்ல, பாடுபட்டு வந்தது.

வருஷம் திரும்பியதும் பாட்டுப் போட்டிக்கு வந்துவிட்டாள். எதிராளி வீசும் வசைக்கு அதே மெட்டில் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். தயங்கினால் தோல்விதான்.

"துக்கப்பட்ட தொண்டைக்கு இனிப்பு ஜாஸ்தி. நீ சும்மா நின்னாலே சனம் அழுதுடும்டி," என்றாள் போட்டி நடத்தும் கூல்பராம்.

"அழ வைக்கவா வந்தேன்? ஜெயிக்க வந்தேங்க்கா."

எதிரே எஸ்தெபெஸ். யாருடைய குடும்பத்தையும் விட்டுவைக்காத வாய் அவருக்கு. அவரோ மடியிலிருந்த கோமுஸ் வாத்தியத்தின் நரம்பைத் தடவிக்கொண்டு, "பூவே, நிலவே, புண்பட்ட மானே" என்று குழைந்தார். கூட்டம் மூக்கை உறிஞ்சியது. பெர்மெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஜெயித்தால் சாகும்வரை அவள் விதவைதான், பாட்டுக்காரி இல்லை.

"மானுன்னு பாடாதீங்க, மண்டியிட வரல நான்;
ஆனது ஆச்சு, அடிங்க அண்ணே, ஆடத்தான் வந்தேன் நான்!"

"வேணாம் தங்கச்சி," என்றார் அவர், மெட்டை நிறுத்தி.

"கையில வாத்தியத்த வச்சுக்கிட்டு என்ன பயம்? எம் புருஷன் பேரச் சொல்லியே அடிங்க."

அவருக்கும் ரோஷம் வந்தது. நரம்பைச் சுண்டினார்.

"ஊசி நாக்குக்காரி உன்கூட ஒண்டிக்கிடக்க முடியாம
ஓடிப்போயி பனிக்குள்ள ஒளிஞ்சானா உன் புருஷன்?"

"அடப்பாவி!" என்று ஒரு கிழவர் எழுந்தே விட்டார். பெர்மெத் தன் கோமுஸை மடிக்கு இழுத்தாள். வலித்தாலும், ஒரு வருஷத்துக்குப் பிறகு, இப்போதுதான் ஒருவர் அவளை ஆளாக மதித்திருக்கிறார். விரல் நரம்பில் விழுந்தது.

"நாக்குக்குப் பயந்தவன்தான், நாளெல்லாம் திட்டு வாங்கினவன்தான்;
பொழுது சாஞ்சா வீடு வந்து பூட்ஸக் கழட்டினவன்தான்;
மலை மட்டும் விட்டிருந்தா அன்னிக்கும் வந்திருப்பான்;
பயமே இல்லாத அண்ணே, உங்க வாசல் பாத்து நிக்க யாரு?"

கிழவர் உட்கார்ந்தார். மனைவி விட்டுப்போன பிறகு எஸ்தெபெஸ் வீடு தங்காமல் போட்டி போட்டியாக அலைவது கூட்டத்துக்கே தெரியும். அவர் விரல் நரம்புக்குப் போய், அங்கேயே நின்றது.

இப்போதுதான் பெர்மெத்தின் கண் நிறைந்தது. அவள் துடைக்கவில்லை. மெட்டை விடாமல் வாசித்தபடி சொன்னாள்:

"பாடுங்க அண்ணே. உங்க முறை."