கஸ்டமர் சொல்லட்டும்

காலை பத்தே முக்காலுக்கு அண்ணன் பிரின்டரைத் தட்டி எழுப்புவான். அது இரண்டு தடவை இருமிவிட்டு ஒரு தாளைத் துப்பும். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுப் போனவர்கள் போனில் எழுதிய கருத்துகள். நல்லதைப் படித்துத் தலையாட்டிக்கொள்வான். கெட்டதைக் கத்தரிக்கோலால் சீட்டாக வெட்டி எடுப்பான். யாரால் அந்தக் கெட்ட பெயரோ அவர் ஏப்ரனில், நெஞ்சுக்கு நேராக, ஊக்கால் குத்திவிடுவான். அன்று முழுக்க அதோடுதான் வேலை செய்ய வேண்டும்.

"அவமானப்படுத்த இல்ல. ஞாபகம் வச்சுக்கத்தான்" என்பான்.

அவனுக்கு ஞாபகசக்தி அதிகம். அவன் ஏப்ரன் கட்டுவதில்லை.

கடை இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானம் மட்டும். சுற்றியிருக்கும் ஆபீஸ்களில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதில் பத்து நிமிஷம் லிஃப்டில் போய்விடும். வந்தவர்கள் ட்ரேயைக் கம்பிமேல் தள்ளிக்கொண்டே சூப், பாஸ்தா, பீட்சாத் துண்டு என்று வாங்கி, கடைசியில் அண்ணியிடம் பில் போட்டுவிட்டு, இடம் கிடைத்தால் உட்கார வேண்டும்.

பாஸ்தா கவுண்டர் தங்கச்சியுடையது. காலையிலேயே முக்கால் பதத்துக்கு வேகவைத்து, எண்ணெய் புரட்டி, ஆளுக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைத்துவிடுவாள். ஆள் கேட்டதும் கொதிக்கிற தண்ணீரில் நாற்பது விநாடி முக்கல், சாஸில் ஒரு புரட்டல், தட்டில் ஒரு கவிழ்ப்பு. நாற்பது முப்பதானால் 'வேகவில்லை' என்று எழுதுவார்கள். ஐம்பதானால் 'வரிசை நகரவே இல்லை' என்று எழுதுவார்கள்.

அண்ணன் "தங்கச்சி, ரெண்டு லசான்யா!" என்று கூவுவதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். நேற்று வேலையில் சேர்ந்த பயல்கூட "தங்கச்சி, சாஸ் கொஞ்சம் தாராளமா" என்பான். அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

புருஷன் செத்தபோது மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு வாரம் இருந்து மனச ஆத்திக்கிட்டுப் போ" என்றாள் அண்ணி. மூன்று வருஷம் ஆகிவிட்டது. படுக்கை ஹாலில். பாத்ரூமுக்குப் போகிறவர்கள் அம்மா காலையும் பெண் காலையும் தாண்டித்தான் போக வேண்டும். மகளுக்குப் பதினொன்று முடியப் போகிறது. பள்ளிக்கூடச் சட்டையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்று மாற்றுகிறாள். போன வாரம் யாரோ தண்ணீர் எடுக்க வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். அவள் கூச்சல் போடவில்லை. பாதி போட்ட சட்டையோடு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்தான். ரயில் நிலையத்தை ஒட்டி. மாடியில் ஓர் அறை, அதற்குக் கதவு. கடையைப் பார்த்துக்கொள்பவர் அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று தங்கச்சி. இன்னொன்று அண்ணியின் தம்பி, பீட்சா அடுப்பில் நிற்பவன். அவனும் அதே வீட்டில்தான் இருந்தான், தனி அறையில்.

அண்ணன் வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, காப்பி டம்ளரைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னான். "ஒரு பக்கம் கூடப் பொறந்தவ. ஒரு பக்கம் மச்சான். நான் யாரச் சொன்னாலும் வீட்ல மூஞ்சி தூக்குவீங்க. கஸ்டமர் சொல்லட்டும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்குச் சீட்டு கம்மியோ அவங்களுக்குப் புதுக் கடை. ஆளைக் குறிப்பிட்டு யாராவது நல்லா எழுதினா ஒரு சீட்டு கழிச்சுக்கலாம்."

"நியாயம்தானே" என்றாள் அண்ணி.

"சூப்பர் மாமா" என்றான் தம்பி.

தங்கச்சி மகளைப் பார்த்தாள். மகள் ஏற்கெனவே அந்த அறைக்குப் போய்விட்டிருந்தாள், கண்ணில் தெரிந்தது.

முதல் சீட்டு தங்கச்சிக்குத்தான் விழுந்தது. 'பாஸ்தா கொடுக்கும் பெண் சிரிப்பதே இல்லை. துக்க வீட்டில் சாப்பிடுவது போல இருக்கிறது.' அதை நெஞ்சில் குத்திக்கொண்டு அன்று நூற்றுப் பத்துத் தட்டு கொடுத்தாள். மறுநாளிலிருந்து சிரித்தாள். மூன்றாம் நாள் வந்தது: 'அந்தப் பெண் காரணமே இல்லாமல் சிரிக்கிறார். சாப்பிடப் பயமாக இருக்கிறது.'

அடுப்புக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பேசாம பாதி உதட்டால சிரி தங்கச்சி. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்."

அவளும் சும்மா இருக்கவில்லை. அவன் எடுத்துவைக்கும் பீட்சாத் துண்டுகள் அவள் கவுண்டர் வழியாகத்தான், ஆறாமல் சூடாக வைத்திருக்கும் ஹீட் லாம்புக்கு அடியில் போகும். அவள் தட்டை லாம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. 'பீட்சா ஆறி அவலாகிவிட்டது.' 'பீட்சா செருப்பு மாதிரி இருந்தது, செருப்பாவது சூடாக இருக்கும்.' ஒரே வாரத்தில் மூன்று சீட்டு அவன் நெஞ்சுக்கு ஏறியது. அவன் அடுப்பைத் திட்டினான், மாவைத் திட்டினான். அவள் அடுத்த தட்டையும் அதே இடத்தில் வைத்தாள். பாவம் என்று தோன்றுகிறதா என்று தன்னைத்தானே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். தோன்றவில்லை.

மூன்றாவது வாரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜன்னலோர மேஜையில் தினமும் நாலு பேர் உட்காருவார்கள். அவர்களில் பெரிய வாய்க்காரர் சாப்பிடும்போது டையைச் சட்டைக்குள் சொருகிக்கொள்வார். அடுப்புக்காரன் அவரிடம் எல்லாவற்றையும் உளறியிருந்தான்.

"அப்ப நாம எழுதறது சாயங்காலம் காத்துல போறதில்ல. மறுநாள் மார்ல ஏறுது!" என்று டைக்காரர் மேஜையைத் தட்டினார். "எனக்கு இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மரியாதை ஆபீஸ்ல கிடைச்சதில்லப்பா."

அதிலிருந்து அவர்களுக்குச் சாப்பாட்டைவிட அதுதான் ருசி. ஒருநாள் அவளுக்கு ஒன்று, ஒருநாள் அவனுக்கு ஒன்று என்று முறைவைத்து எழுதினார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதாம். மறுநாள் ட்ரேயோடு வந்து அவள் நெஞ்சருகே குனிந்து தங்கள் எழுத்தைத் தாங்களே வாசித்தார்கள்.

"'கரண்டி பிடிக்கும் கையில் வெங்காய வாடை.' யார்ரா எழுதினது, நீயா? பிரமாதம்டா."

"சார், தள்ளிப் போங்க. பின்னால ஆள் நிக்கறாங்க" என்றாள் அவள்.

"கோச்சுக்காத தங்கச்சி. நாளைக்கு அடுப்புக்காரன் முறை."

கடைசி வியாழக்கிழமை ஏழுக்கு ஏழு என்று நின்றது.

பல் டாக்டரம்மா வியாழன்தோறும் வெள்ளிதோறும் ஒரு மணிக்கு வருவாள். எதிர்க் கட்டடத்தில் கிளினிக். கவுண்டர்க்காரியை 'நீங்க' என்று கூப்பிடும் ஒரே ஆள். தட்டை வாங்கும்போது கண்ணைப் பார்த்து நன்றி சொல்வாள். தங்கச்சி அன்று அவளிடம் லசான்யாவைக் கொடுத்துவிட்டுத் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், ஒரு உதவி. என்னப் பத்தி ரெண்டு வரி நல்லதா எழுத முடியுமா? போன்ல."

"ஏன்மா, என்ன ஆச்சு?"

வரிசை பின்னால் நெளிந்தது. நாற்பது விநாடியில் சொல்லி முடித்தாள். அண்ணன், சீட்டு, புதுக் கடை, மாடி அறை, ஹால், மகள். யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அது கணக்கில் இல்லாதது.

டாக்டரம்மா அவள் கையைத் தொட்டாள். "கவலைப்படாதீங்க. இன்னிக்கே எழுதறேன். மனசார எழுதறேன்."

அன்று தங்கச்சி இரண்டு தட்டுப் பாஸ்தாவைக் குழையவிட்டாள். அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை.

வெள்ளி காலை பிரின்டர் இருமியது. அண்ணன் தாளை எடுத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தான். போகப் போகக் குரல் இறங்கியது.

'சாப்பாடு பரவாயில்லை. தக்காளி சாஸில் சர்க்கரை சேர்க்கிறார்கள், பல்லுக்குக் கேடு. பாஸ்தா கவுண்டரில் இருக்கும் தங்கச்சி தன்னைப் பற்றி நல்லதாக எழுதும்படி கண்கலங்கிக் கேட்டார். விசாரித்தால், முதலாளியின் கூடப் பிறந்த தங்கையாம். கணவர் இல்லை. வளர்ந்த பெண்ணோடு மூன்று வருடமாக ஹாலில் தரையில் படுக்கிறார். கதவுள்ள ஓர் அறைக்காகச் சொந்த அண்ணன் கடையில் கஸ்டமரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. மனிதாபிமானம் உள்ளவர்கள் யோசிக்கவும். மூன்று ஸ்டார்.'

அதற்குக் கீழே நாற்பத்தாறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.



"தரையிலயா?" என்றாள் அண்ணி. "மெத்தை யார் வாங்கிப் போட்டா? கேளுங்க உங்க தங்கச்சிய. மெத்தை யார் வாங்கிப் போட்டா?"

"நான் தரைன்னு சொல்லல அண்ணி. அவங்களா எழுதிட்டாங்க."

"ஹால்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"வீட்டு நாத்தத்த ஊர் மூக்குல தேச்சுட்டா."

அடுப்புக்காரன் மாவை உருட்டிக்கொண்டே மெல்ல விசிலடித்தான்.

அண்ணன் அந்தச் சீட்டைக் குத்தவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நல்லா எழுதினதாவும் எடுத்துக்க முடியாது. இது எட்டாவது. புதுக் கடை மச்சானுக்கு. அது முடிஞ்சுபோச்சு." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாயங்காலத்துக்குள்ள இது அழிஞ்சிருக்கணும். இல்லைன்னா ஹாலும் கிடையாது. எங்க கதவு இருக்கோ அங்க போய்ப் படுத்துக்குங்க, ரெண்டு பேரும்."

"அண்ணா, திடீர்னு எங்கண்ணா போவேன்?"

"அத உன் டாக்டர்கிட்ட கேளு."

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? எழுதிட்டேன். நாப்பத்தாறு இருந்தது, இப்ப அறுபதத் தாண்டிடுச்சு. அத்தன பேரும் உங்களுக்காக."

"பாத்தேன் டாக்டர். அத அழிச்சிடுங்க."

"என்னது?"

"தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. இப்பவே. வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

"நீங்க சொன்னதத்தானே எழுதினேன்? ஒரு பொய் இருக்கா அதுல?"

"பொய் இல்ல. அதான் அழிக்கச் சொல்றேன்."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்த மலர்ச்சி வடிந்தது. உதவி செய்ததற்கு வாங்கிக்கொள்ள வந்த நன்றி கிடைக்காதவளின் முகம். "நேத்து எழுதுங்கன்னு அழறீங்க. இன்னிக்கு அழிங்கன்னு அழறீங்க. உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"தங்கச்சி, என் ரவியோலி!" என்று பின்னாலிருந்து டைக்காரர் கத்தினார். "கண்ணீர் சாஸ் வேணாம், தக்காளி போதும்." நாலு பேரும் சிரித்தார்கள்.

"டாக்டர், என் பொண்ணு இருக்கா. ஒரு பட்டன்தானே. அமுக்கிடுங்க."

"பொண்ணு பொண்ணுன்னு என்னை மிரட்டறீங்களா?" டாக்டரம்மா போனைக் கைப்பைக்குள் போட்டாள். "ரெண்டு நல்ல வார்த்தை பேசினா இதான். தலையில ஏறி உக்காந்துக்கறாங்க. லசான்யா வேணாம். சூப் மட்டும் போதும்."

தங்கச்சி சூப்பை ஊற்றினாள். கிண்ணத்தின் விளிம்பில் கொஞ்சம் வழிந்தது. டாக்டரம்மா விளிம்பைத் துடைக்கச் சொன்னாள். துடைத்துக் கொடுத்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று "மாத்திட்டா" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தம்மா எழுதினத மாத்திட்டா. ஹாலு, பொண்ணு, தரை, ஒண்ணும் இல்ல. எல்லாம் போயிடுச்சு."

தங்கச்சி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் பிரின்டரைத் தட்டினான். புதுசு இப்படி இருந்தது: 'பாஸ்தா கவுண்டரில் இருப்பவர் முதல் நாள் நல்லதாக எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறார். மறுநாள் அழிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். சாப்பிட விடமாட்டேன் என்கிறார். இனி இந்தப் பக்கம் வர மாட்டேன். ஒரு ஸ்டார்.'

"வீட்டு விஷயம் போயிடுச்சில்ல, அது போதும்" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "கிடக்கட்டும் விடுங்க. எங்க போவா."

அண்ணன் யோசித்தான். "சரி. ஹால்ல இருந்துக்க."

"சரிண்ணா."

"தேங்க்ஸ் சொல்லு அண்ணிக்கு."

"தேங்க்ஸ் அண்ணி."

அண்ணன் தாளை வெட்டினான். ஊக்கைப் பல்லால் திறந்து பக்கத்தில் வந்தான். துணி தொய்ந்து ஊக்கு ஏறவில்லை. அவள் ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கொடுத்தாள். குத்திவிட்டு, நேராக இருக்கிறதா என்று ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

மகளிடம் அந்த அறையைப் பற்றி என்ன சொல்வது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. புது ஆள். நேரங்கழித்துச் சாப்பிட வந்த அவசரம். காலி வரிசையில் ட்ரேயைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"இங்க எது நல்லா இருக்கும்?"

"எல்லாமே நல்லா இருக்கும் சார்."

அவர் கண் அவள் நெஞ்சிலிருந்த சீட்டுக்குப் போனது. முழுசும் படித்தார். பிறகு ட்ரேயைப் பின்னால் நகர்த்தி அடுக்கிலேயே வைத்துவிட்டார்.

"தண்ணி பாட்டில் மட்டும் ஒண்ணு குடுங்க."

"கூலிங்கா, சாதாவா?" என்று கேட்டாள் தங்கச்சி.