நம்பர் துணி

“ஏண்ணா, நம்பர் உன் முதுகுல மட்டும் ஏன்?”

“ஜட்ஜ் பாக்கறது என்னைத்தான். நீ என்கூட வர்ற, அவ்ளோதான்டி பம்பரம். பேசாம ஊக்கைப் போடு.”

அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பால்ரூம் நடனப் போட்டிகளில் ஜோடிக்கு ஒரே எண்தான். அதை ஜோடியை நடத்திச் செல்லும் ஆண்பிள்ளையின் முதுகில்தான் மாட்டுவார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் அந்தத் துணியை அவன் சட்டையில் மாட்டிவிடுவது என் வேலை. ஒரே ஒரு தடவை எனக்குக் கொடேன் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். ஊக்கைப் பல்லில் கடித்தபடி அதையும் விழுங்கிவிடுவேன்.

அவனுக்குப் பதினாறு வயதானபோது, தங்கச்சியோடு ஆடுகிறான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இறுதிப் போட்டி நெருங்கிய சமயத்தில், “இனிமே ஆடமாட்டேன்” என்று ஷூவைக் கட்டிலுக்கடியில் எறிந்தான். ஜோடி இல்லாத பெண்ணைப் போட்டிக்குள் விடமாட்டார்கள். நான் பீரோக் கண்ணாடி முன்னால் என் அடிகளோடு அவன் அடிகளையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் பிற்பாடு டீச்சராக முடிந்தது. ஒரு பள்ளியின் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தொடங்கிய வகுப்பு, இப்போது மருந்துக்கடை மாடியில், மரத்தரை போட்ட ஹாலில் நடக்கிறது.

இந்த வருஷம் அண்ணன் மாற்றலாகி இதே ஊருக்கு வந்தான். முதல் நாளே ஹாலை நீளவாட்டில் நடந்து அளந்தான்.

“மத்தியானம் சும்மாதான் கிடக்கா?”

“ஏன் கேக்கற?”

“சும்மாதான்.”

அவன் ‘சும்மா’ என்றால் சும்மா இருக்காது. எங்கள் கோப்பைகளில் எல்லாம் அவன் பெயர்தான் முதலில் இருக்கும். எதிர்வரிசையில் அவனும் நடன வகுப்பு என்று ஒரு போர்டு மாட்டினால் என் வகுப்பில் பாதிப் பேர் சாலையைக் கடந்துவிடுவார்கள்.

“உங்கண்ணன் தும்மினாக்கூடத் துப்பறியற,” என்றார் என் கணவர். “அந்த மனுஷன் பாவம்.”

“நீங்க அவனோட ஆடினதில்லீங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் பையைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். ஜிப் கொஞ்சம் திறந்திருந்தது. மீதியை நான் திறந்தேன். உள்ளே ஆட்டத்துக்கான ஷூ, அடித்தோலைத் தேய்க்கிற கம்பி பிரஷ். பிரஷ்ஷில் புதுத்தூசி. அப்படியானால் ஆடுகிறான். அதற்கும் அடியில் எங்கள் பழைய நம்பர் துணி, துவைத்து இஸ்திரி போட்டபடி. கூடவே புது ஊக்குகள். நாற்பது தாண்டியவர்களுக்கான போட்டியின் போஸ்டர் என் ஹால் சுவரிலேயே தொங்குகிறது. அப்படியென்றால் யாரோடு?

சாப்பிடும்போது, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டேன். என் குரலே எனக்கு போலீஸ்காரி குரலாகக் கேட்டது.

என் வகுப்பில் அவன் உயரத்துக்குச் சரியாக வருபவள் ஒருத்திதான்: பிசியோதெரபிஸ்ட். கையில் எடுத்து வளர்த்த மாணவி. சமீபமாக நான் உள்ளே வந்தால் போனை அணைக்கிறாள். ஒருமுறை திரையில் அண்ணன் பெயரைப் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், ஒரு சந்தேகத்தில், மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்த ஹாலின் மாற்றுச்சாவியைக் கேட்டேன்.

“உங்கண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா. நீங்கதான் சொன்னதா...”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே வால்ட்ஸ் இசை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

பிசியோதெரபிஸ்ட் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். என்னவோ சரியில்லை. அவன் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்; ஜோடியில் அப்படிப் போவது பெண்தான். அவன் போட்டது அவனுடைய அடிகளே இல்லை. அத்தனையும் என் அடிகள். அதுவும் படுமோசமாக.

கதவைத் தள்ளினேன். அவன் தடுமாறி நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

“யாரைக் கேட்டு சாவி வாங்கின?”

“நான் அப்பவே சொன்னேன், மேடம்கிட்ட கேட்டுடுங்கன்னு,” என்று மாணவி பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

“நில்லு. நீ எதுக்கு இங்க?”

“அவர் முழங்கால் மேடம். முன்னால அழுத்தி வச்சா வலிக்குது. பின்னால நடக்கறது ஒரு பயிற்சி. நான் நடக்கத்தான் சொன்னேன். இவர் ஆடறார்.”

அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது.

“நடக்கும்போதுதான் தெரிஞ்சுது, இது உன் ஆட்டம்னு,” என்றான். “பின்னால என்ன இருக்குன்னு தெரியாம எப்படிடி போன? எனக்கு ஒவ்வொரு அடிக்கும் பயமாயிருக்கு.”

“நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

“நம்பர் துணி எதுக்கு?”

“என் பைய நோண்டினியா?”

“நோண்டினேன். எதுக்கு?”

“போஸ்டர் பாத்தேன். உன்னைக் கூப்பிடலாம்னு. விட்டுட்டு ஓடினவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்கறது? அதுவும் முன்னால நின்னு கூட்டிட்டுப் போக இந்தக் கால் விடாது.”

அவன் பை ஜன்னலோரம் கிடந்தது. துணியையும் ஊக்குகளையும் நானே எடுத்தேன். இஸ்திரி மடிப்பு கலையாமல் அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன். சுவர்க் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது.

“அண்ணா, இந்தத் தடவை நம்பரை என் முதுகுல மாட்டி விடேன்.”