வைக்கோல் வேகும் பாத்திரம்

மேற்குத் தாம்பரத்தில் ஏஞ்சல் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் பரிசோதனைகளை வேறு ஊரில் செய்துகொண்டார்கள். தாம்பரத்தில் ரத்தம் எடுக்க ஒரு நாற்காலியும் ஓர் ஆளும் இருந்தால் போதும் என்றானது. அந்த ஆள் ஏஞ்சல் இல்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. படித்ததும் பழகியதும் எல்லாம் கிருமிகளோடுதான்.

சில வாரங்கள் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, காளான் வளர்ப்புக்கு ஒரு நாள் பயிற்சி போய் வந்தாள். ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கொட்டகை இருந்தது. கணவன் ஜெபின் அதற்குள் பழைய சைக்கிளையும் மிச்சமான டைல்ஸையும் போட்டுவைத்திருந்தான். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்கு ஷிஃப்ட் வேலை. ஒரு விடுமுறை நாளில் இருவரும் கொட்டகையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, நான்கு பக்கமும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டார்கள்.

சிப்பிக் காளான் வைக்கோலில் வளரும். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து, காளான் விதையோடு அடுக்கடுக்காக பிளாஸ்டிக் பைக்குள் நிரப்பிக் கட்டித் தொங்கவிட வேண்டும். விதையிலிருந்து வெள்ளையாகப் பூசணம் பரவிப் பை முழுவதும் பஞ்சு போலாகிவிட்டால் காளான் நிச்சயம். ஏஞ்சல் முதல் தடவை வீட்டில் இருந்த பெரிய சாம்பார் பாத்திரத்தில் வைக்கோலை வேகவைத்தாள். வைக்கோல் மிதந்தது. மேலே இருந்த பகுதி தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. பத்தாம் நாள் பாதிப் பைகளில் காளானைக் கெடுக்கும் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவள் எத்தனையோ முறை பார்த்த பச்சைதான். பைகளைப் பிரிக்காமலே கொண்டுபோய்த் தொலைவில் புதைத்துவிட்டு வந்தாள்.

சரியான பாத்திரம் இல்லாமல் இது நடக்காது என்று தெரிந்துவிட்டது. ஜெபின் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஓட்டலுக்கு விற்கும் பெரிய பிரஷர் குக்கர்தான் சரி என்றான். அதில் ஒரு தடவைக்கு இரண்டு பைக்குமேல் வைக்கோல் கொள்ளாது என்று ஏஞ்சல் அளந்து காட்டினாள். கிருமிக்கொல்லி மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் அடுப்பே வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தின்கிற பொருளில் அது வேண்டாம் என்று அவளே ஒதுக்கிவிட்டாள்.

அப்போதுதான், அவளுடைய காளான் முயற்சியைக் கேள்விப்பட்டு, பழைய மேலாளர் சாம்பசிவன் போன் செய்தார். கூடத்தைக் காலி செய்தபோது ஆட்டோகிளேவைச் சேலையூரில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். நீராவியை அழுத்தத்தில் அடைத்து எந்தக் கிருமியையும் கொல்லும் இயந்திரம் அது. ஏஞ்சல் அதை வருடக்கணக்காக இயக்கியவள். வேண்டுமானால் எடுத்துக்கொள், வண்டிச் செலவு மட்டும் உன்னுடையது என்றார்.

ஏஞ்சல் சேலையூருக்குப் போய்ப் பார்த்தாள். இயந்திரம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு போர்வைக்குள் இருந்தது. மின்சாரத்தோடு இணைக்காமலே அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்குமேல் நின்றது. பாதுகாப்பு வால்வு கசிகிறது என்று யாரோ அதைச் சிமெண்டு போன்ற பசையால் அடைத்திருந்தார்கள். இதை யாருக்கும் கொடுக்காதீர்கள், வெடிக்கும், காயலான் கடைக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜெபினிடமும் வால்வைத்தான் சொன்னாள். வால்வை மாற்றிக்கொள்ளலாமே என்று அவன் கேட்டபோது பேச்சை மாற்றினாள்.

உண்மைக் காரணம் வேறு. காசநோய்க்காரர்களின் சளியை வளர்த்துப் பார்த்த தட்டுகளை எல்லாம் அந்த இயந்திரத்தின் கம்பிக் கூடையில் வைத்துத்தான் அவள் கிருமி கொன்று வெளியே போடுவாள். உள்ளே போனது எதுவும் உயிரோடு திரும்பியதில்லை. அதை ஒவ்வொரு தடவையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். இருந்தும் அதே கூடைக்குள் வைக்கோல் போவதை நினைத்ததும் அவளுக்கு அது வேண்டாம் என்றாகிவிட்டது.

சரியான பாத்திரம் கிடைத்தது தற்செயலாகத்தான். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் போகும் வழியில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாலகுருவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. இனி நெருப்பருகே நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடி, பாத்திரங்களை வாசலில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற அலுமினியத் தேக்சா ஒன்று ஏஞ்சலின் கண்ணில் பட்டது. பருமனான அடிப்பாகம், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய மூடி.

பாலகுரு நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். “எவ்ளோ பேருக்கு ஆக்கப் போறம்மா?”

“வைக்கோல் வேகவைக்கணும் அண்ணா. காளானுக்கு.”

“வைக்கோலா?” அவர் தேக்சாவின் மூடியைக் காட்டினார். “இன்னாவோ பண்ணு. மூடி கனமா கீது, ஆவி வெளியே போவாது.”

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை வெந்நீர் கொதிக்கவைத்துக் கொட்டினாள். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதற்குமேல் ஓட்டைத் தட்டு, தட்டின்மேல் ஊறிய வைக்கோல். தண்ணீர் படாமல் ஆவியில் மட்டும் வேகும்படி அமைத்துக்கொண்டாள். பயிற்சியில் சொன்ன ஒன்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை, பிறகு பிடித்துப்போயிற்று: வைக்கோலில் எல்லாவற்றையும் கொல்லத் தேவையில்லை. முழுக்கக் கொன்றுவிட்டால் முதலில் வந்து இறங்குகிற பூசணம் அதைத் தனதாக்கிக்கொள்ளும். சில நல்ல கிருமிகள் மிஞ்சியிருப்பது காளானுக்குக் காவல்.

அந்தத் தடவை ஒரு பைகூடப் பச்சையாகவில்லை. பையில் போட்ட துளைகள் வழியாகக் காளான்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன.

வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தது ஜெயஸ்ரீ. கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். சைவம். கணவர் சுப்ரமணியனைப் புரதம் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. ஒரு தோழி மூலம் ஏஞ்சலின் காளான் அவளுக்குக் கிடைத்தது. பிடித்துப்போய், குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஏஞ்சலைச் சேர்த்துவிட்டாள். ஏஞ்சல் சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினாள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சைவக்காரர்கள்.

இரண்டு மாதம் போல் ஆனபின் ஜெயஸ்ரீ ஒருநாள் தானே ஊரப்பாக்கத்துக்கு வந்தாள். வளர்வதைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் தொங்கிய வெள்ளைப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொடலாமா என்று கேட்டுத் தொட்டாள். பிறகு வெளியே வந்தாள். மாடி மூலையில் அடுப்பின்மேல் தேக்சா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ‘பாலகுரு பிரியாணி’ என்று எழுதி, கீழே ஓர் ஆட்டுத் தலையும் வரைந்திருந்தது.

ஜெயஸ்ரீ அதைப் படித்தாள்.

“இதுலயா?”

“ஆமா மேடம். கடை மூடினாங்க, வாங்கினேன். நல்லாத் தேய்ச்சு, கொதிக்கவச்சு…”

“அது தெரியும் ஏஞ்சல். உங்க சுத்தத்தை நான் சந்தேகப்படல. இதுல ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கும் தெரியும்.” ஜெயஸ்ரீ கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “ஆனா இனிமே எனக்கு இறங்காது. என்ன பண்றது.”

ஏஞ்சல் தன் பக்கம் சொல்ல வாயெடுத்தாள். ஆவி, வெப்பம், கொழுப்பு எத்தனை டிகிரியில் போகும் என்று எல்லாம் நாவில் இருந்தது. அதைச் சொல்லாமல், சேலையூரில் ஓர் இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தும் வேண்டாம் என்று வந்த கதையைச் சொன்னாள். ஜெபினிடம் சொல்லாத காரணத்தையும் சேர்த்தே சொன்னாள்.

“அதுவும் நூத்துக்கு நூறு சுத்தம்தான் மேடம். நானே சோதிச்சது. என்னால முடியல.”

ஜெயஸ்ரீ தலையசைத்தாள். படி இறங்கும்போது நின்று திரும்பிக் கேட்டாள்.

“மத்தவங்களுக்குத் தெரியணுமே. நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?”

“நானே சொல்றேன்.”

அன்று மாலை ஏஞ்சல் குழுவில் எழுதினாள். வைக்கோல் வேகும் பாத்திரம் முன்பு பிரியாணிக் கடையில் இருந்தது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை, வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் சொல்லலாம் என்று நான்கு வரி. சிலர் நன்றி சொல்லி விலகினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் விலகினார்கள். ஒருவர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதினார். இன்னொருவர் அந்தப் பிரியாணிக் கடை இப்போது எங்கே இருக்கிறது என்று தனியாகக் கேட்டார்.

ஜெபினுக்குக் கோபம். பெயிண்டைச் சுரண்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்றான். வேறு தேக்சா புதிதாக வாங்கிவிடலாம் என்றும் சொன்னான். கேட்டால் சொல்லத்தான் போகிறேன், சுரண்டி என்ன பயன் என்றாள் அவள். புதிதாக வாங்குவதை அவள் யோசித்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தாள். பாத்திரத்தில் குறை இல்லை. அந்த வாரம் மிஞ்சிய காளானை ஜெபின் ஷிஃப்டுக்கு எடுத்துப் போனான். தொழிற்சாலை ஆட்கள் வாங்கினார்கள், அடுத்த வாரமும் கேட்டார்கள். தாம்பரத்தில் போன அளவுக்கு இல்லை. ஆனால் எதையும் கொட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜெயஸ்ரீ கூப்பிட்டாள். கணவர் காளான் இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், கடையில் விற்கும் பட்டன் காளான் பிடிக்கவில்லை, ஒரு பை மட்டும் வீட்டிலேயே வளர்க்க முடியுமா என்று கேட்டாள். எந்தக் குக்கர் வாங்குவது என்று இணையத்தில் தேடித் தேடிக் குழம்பியிருந்தாள். ஒரு பைக்கு உங்கள் இட்லிப் பாத்திரமே போதும் என்று ஏஞ்சல் சொன்னாள். வைக்கோலும் விதையும் எடுத்துக்கொண்டு போய், அவர்கள் சமையலறையில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

முதல் பை பச்சையாயிற்று. ஏஞ்சல் கிளம்பிய பிறகு ஜெயஸ்ரீ, இடம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் வைக்கோலைத் திணித்து அமுக்கியிருந்தாள். நடுவில் ஆவி ஏறவில்லை. புகைப்படம் பார்த்து ஏஞ்சல் கேட்டபோது அவளே ஒப்புக்கொண்டாள். இரண்டாவது பையில் பேராசைப்படவில்லை.

அதில் காளான் விரிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயஸ்ரீ ஏஞ்சலைச் சாப்பிட வரச் சொன்னாள். பால்கனியில் துணி காயும் கம்பிக்குக் கீழே பை தொங்கியது. அடுக்கடுக்காக விரிந்திருந்த கொத்தைக் கத்தியால் அறுப்பதா கையால் பறிப்பதா என்று தெரியாமல் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஏஞ்சல் அடியில் பிடித்து ஒரு திருகு திருகினாள். கொத்து முழுசாகக் கையோடு வந்தது. சுப்ரமணியன் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

ஜெயஸ்ரீ மிளகு தட்டிப்போட்டு வதக்கினாள். மூவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காளான் நன்றாக வெந்திருந்தது, உப்பு கொஞ்சம் கம்மி. ஏஞ்சல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.