மாட்டுப் பொங்கலுக்கு முழுகிய படகு

படகு ஓட்டிய முதல் நாள் எங்களிடம் யாருமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நானும் தணிகாசலம் மாமாவும் கை கடுக்கத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். படகு கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனது. அப்புறம் எவ்வளவு தள்ளினாலும் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டியது. பிறந்ததிலிருந்து ஏர் ஓட்டிய மனிதர் மாமா. சண்டி மாட்டை அதட்டுகிற குரலில், "ஹை! ஹை! நட, நட!" என்று படகை அதட்டினார். ஏரிக்கரையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் நாகபூஷணம்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினான்.

"இன்னா தணிகாசலம், அந்தப் பனமரம் இன்னா பாவம் பண்ணிச்சி? அத்தையும் சேத்து இஸ்துக்கினு போறியே!"

திரும்பிப் பார்த்தேன். படகின் கயிறு பனைமரத்தில் கட்டியபடியே இருந்தது. கட்டியது மாமா. அவிழ்க்க வேண்டியது நான்.

மாமா என்றால் என் அக்கா செங்கம்மாவின் வீட்டுக்காரர். வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே அவர்கள் ஊர். எங்கள் ஊர் அந்தக் கோடி, கங்காதர நெல்லூர்ப் பக்கம். அங்கே கிணறு வற்றிப் போய்விட்டது. நைனா என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டபோது, "மாமாகூட இருந்து பொழைச்சிக்கோ எத்திராஜு. ஒத்து வர்லன்னா திரும்பி வந்துடு, இன்னா பண்றது" என்றார். அந்த 'இன்னா பண்றது' என் காதிலேயே இருந்தது. திரும்பிப் போனால் அங்கே செய்ய ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னை மாமா கூப்பிட்டது படகுக்காகத்தான். ஒரு ஜோடி மாட்டைக் கொடுத்துவிட்டுப் பழவேற்காட்டுக்காரர் ஒருவரிடமிருந்து அந்தப் பலகைப் படகை அவர் வாங்கி வந்திருந்தார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். மாட்டை விற்றுப் படகு வாங்கியவன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் துணிந்ததற்குக் காரணம் இருந்தது.

அதுவரை அந்த ஏரியில் மீன் பிடிக்கிற பாத்தியதை நாகபூஷணம் வீட்டுக்குத்தான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படி. ஆனால் அந்தச் சித்திரைக்கு முன்னால் மாமாவின் பக்கத்து ஊர்களெல்லாம் மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போயின. அதற்கு ஈடாகத் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. யாருக்கு ஏரி என்று கேட்கப் போனபோது, புதிதாக வந்த அதிகாரி பழைய காகிதம் எதுவும் தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். "ஈ சம்வத்சரம் மீ ஊரே தீர்மானிஞ்சுகோண்டி" என்று தெலுங்கில் சொல்லி அனுப்பினாராம். ஊரே தீர்மானிக்கட்டும் என்றால் நாட்டாமை அப்பாவுதான் தீர்மானிக்க வேண்டும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"ஏரி ஒண்ணு, படகும் ஒண்ணுதான். கறிநாளு அன்னிக்கிக் காத்தால ரெண்டு பேரும் எறங்குங்க. உச்சிப் பொழுதுக்குள்ள ஊருக்கு எவன் மீனு ஜாஸ்தியா கொண்டாறானோ, அடுத்த பொங்கல் வரைக்கும் ஏரி அவனுது. தோத்தவன் படக ஏறக் கட்டிடணும்."

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கம் கறிநாள். அன்றைக்குக் கவிச்சி இல்லாத வீடு இருக்காது. ஆகவே ஊர் முழுக்கக் கரையில் சட்டியோடு நிற்கும். தோற்றால் அத்தனை பேர் முன்னாலும் தோற்க வேண்டும். படகு போய்விடும். படகு போனால் எனக்கு அங்கே வேலை இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா கவலையே படவில்லை. மார்கழி பிறந்ததும் படகை மாட்டு வண்டியில் ஏற்றிக் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்தார். நான்கு கல்லின் மேல் தூக்கி வைத்து, பாசியையெல்லாம் சுரண்டி, மார்கழி வெயில் முழுவதிலும் காயப் போட்டார். புதுப் பாரவண்டியைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார். பனி விழாமல் ராத்திரியில் வைக்கோல் போட்டு மூடினார்.

"படகு குடுத்தவரு தண்ணியிலயே போட்டு வைன்னு சொன்னாராமே மாமா?" என்று நான் கேட்டேன்.

"அவனுங்க சோம்பேறிப் பசங்க மச்சான். மரத்த தண்ணியில போட்டா உளுத்துப் பூடாது? மாட்ட மழையிலயே கட்டி வைன்னா கட்டுவியா நீ?"

சரிதானே என்றுதான் எனக்கும் தோன்றியது. நானும் ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைதான்.

மாட்டுப் பொங்கல் அன்று ஊர் மாடுகளெல்லாம் ஏரியில் குளித்தன. கொம்புக்குச் சிவப்பும் நீலமும் பூசினார்கள். மாமா படகின் மூக்குக்கும் இரண்டு பக்கமும் அதே நீலத்தைப் பூசினார். அக்கா மஞ்சள் குங்குமம் வைத்து, நெட்டி மாலை கட்டினாள். மாடுகளுக்கு ஊட்டுவதுபோல் படகுக்கும் ஊட்ட வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். வாயில்லாத படகுக்கு எங்கே ஊட்டுவது? ஒரு பெரிய வாழை இலையில் பொங்கலும் பூசணிக்காய்க் குழம்பும் போட்டுப் படகுக்குள் அடிப்பலகையில் வைத்தோம். மேளக்காரர் அடிக்க, தூக்கிப் போய்த் தண்ணீரில் விட்டோம். கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று நான் மூன்று தடவை பார்த்தேன்.

அதைப் பார்த்தேனே தவிர என் காலடியைப் பார்க்கவில்லை.

நாங்கள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்குள் பாதம் குளிர்ந்தது. குனிந்தால், ஒவ்வொரு பலகைக்கும் நடுவிலிருந்து தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டை ஒன்று என்றால் அடைக்கலாம். இது படகு முழுக்க ஓட்டை. எனக்கு நீச்சல் தெரியாது. "மாமா! மாமா!" என்று கத்தினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு பக்கம் அடைத்தார், மறுபக்கம் பீறிட்டது. நல்ல வேளையாக இடுப்பளவுத் தண்ணீர்தான். நெட்டி மாலையோடு, மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, படகு மெதுவாக முழுகித் தரையில் உட்கார்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் உட்கார்ந்தபடியே மார்பளவுத் தண்ணீரில் இருந்தோம்.

கரை அதிர்ந்தது. குளித்துக்கொண்டிருந்த மாடுகள்கூட மிரண்டன.

"மாட்டுக்குப் பதிலா படக குளிப்பாட்டுறான்பா!" என்று நாகபூஷணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் வீட்டுக்காரி ஜெயம்மா, "ஏண்டி செங்கம்மா, உன் வூட்டுக்காரருக்கு முதுகு தேய்க்க நார் கொண்டாந்தியா?" என்று கேட்டாள்.

"உன் வூட்டுக்காரரு தேய்ச்சிக்காமலே கீறாரு, அவருக்கு மொதல்ல குடு" என்றாள் அக்கா. ஆனால் அவள் முகம் சுண்டிப் போயிருந்தது.

மாமாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "வா மச்சான், தூக்கலாம். களத்துக்குக் கொண்டு போய்க் காய வெக்கலாம். காஞ்சா தார் பூசிப் பாக்கலாம்."

அவர் 'காய வெக்கலாம்' என்று சொன்னபோதுதான் எனக்கு நைனாவின் வண்டிச் சக்கரம் ஞாபகம் வந்தது. கோடையில் வெயிலுக்குக் காய்ந்து மரம் சுருங்கும். ஆரக்காலெல்லாம் ஆடும், இரும்புப் பட்டை கழன்று விழும். நைனா திட்டிக்கொண்டே சக்கரத்தை உருட்டிப் போய்க் குட்டைத் தண்ணீரில் சாய்த்துவிட்டு வருவார். மறுநாள் எடுத்தால் மரம் ஊதி, கையால் ஆட்ட முடியாதபடி இறுகியிருக்கும். அது எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். படகும் மரம்தான் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"தூக்காத மாமா. இப்டியே வுட்டுடு."

"இன்னாடா சொல்ற?"

"சக்கரத்த ஊறப் போடுறோமே, அந்த மாதிரி. நாமதான் காய வெச்சிக் காய வெச்சிக் கெடுத்துட்டோம். ராத்திரி முச்சூடும் முழுகியே கெடக்கட்டும். மேல கல்லு வெச்சி அமுக்கலாம்."

மாமா என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த படகைப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். "அடத் தூ! வண்டிக்காரன் நானு, எனக்குத் தோணலியே!"

நான் சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன நொடியிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. ஊறாவிட்டால்? மூழ்கச் சொன்னது நான் என்று ஆகிவிடும். கரையிலிருந்து பெரிய பெரிய கல்லாகச் சுமந்து, எங்கள் படகை நாங்களே தண்ணீருக்குள் அமுக்கினோம். ஊர் இப்போது சிரிக்கக்கூட இல்லை. பொங்கல் வெயிலில் எங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பரிதாபமாகப் பார்த்தது. நாட்டாமை மட்டும், "நாளிக்கி உச்சிப் பொழுது. மறந்துடாத" என்றார்.

கறிநாள் காலையில் நாங்கள் ஏரிக்கு வந்தபோது நாகபூஷணம் தயாராக நின்றான். பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி, மடித்துக்கூடக் கட்டாமல் கணுக்கால் வரைக்கும் தொங்கியது. ஜெயித்து இறங்கும்போது ஊர் பார்க்க வேண்டுமல்லவா. "எழுப்புங்கப்பா உங்க படக, இன்னும் தூங்கிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு ஏரிக்குள் போனான்.

கல்லையெல்லாம் எடுத்தோம். ஆள் பிடித்துப் படகைக் கரையோரமாகத் தூக்கினோம். மிச்சத் தண்ணீரை வெளியேற்ற மாமா வயலிலிருந்து இறைகூடையைக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்து, வயலுக்கு இறைப்பதுபோல் வீசி வீசி இறைத்தோம். அந்த வேலை எங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாதிக்குமேல் குறைந்தபோது கூடைக்குள் ஏதோ திமிறியது.

"பாம்பு!" என்று நான் கூடையை விட்டுவிட்டேன்.

"பாம்பா? உன் மூஞ்சி! விராலுடா!"

வாழை இலை கிழிந்து மிதந்தது. அதில் ஒரு பருக்கை பொங்கல் இல்லை, பூசணிக்காய் இல்லை. அவ்வளவையும் தின்றுவிட்டு, நிழலும் பள்ளமும் வாகாக இருக்கிறது என்று ராத்திரி முழுவதும் எங்கள் படகிலேயே தங்கிவிட்ட விராலும் கெளுத்தியும் அடியில் புரண்டன. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மாமா கெளுத்தியைத் தவறான இடத்தில் பிடித்து முள் குத்தி, "அய்யோ, அம்மா" என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீனையெல்லாம் எடுத்த பிறகு ஈரப் பலகையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன். படகு மிதந்தது. பலகைக்குப் பலகை நடுவில் நகம்கூட நுழையவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. கைக்கடியில் புதுத் தண்ணீர் வரவில்லை.

"மாமா, கசியல."

"ஏறுடா!"

கயிற்றை அவிழ்த்தேன். பனைமரத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினேன். "ஹை! ஹை!" என்று மாமா அதட்ட, படகு நல்ல மாடு மாதிரி போனது. பழைய மதகுப் பக்கம் ஆழம். அங்கேதான் நாகபூஷணம் வலை வீசிக்கொண்டிருந்தான். நாங்கள் வருவதைக் கண்டதும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். வீசுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவனுக்கு ஆகாது.

"இன்னா, இன்னும் முழுகலியா? நான் வேணும்னா கொஞ்சம் தண்ணி மொண்டு ஊத்தட்டா?"

எங்களைப் பார்த்துக்கொண்டே வீசினான். வலை அழகாக விரிந்தது. வலையின் ஓரத்தில் ஈயக்குண்டுகள் இருக்குமே, அதில் இரண்டு, தொங்கிய புது வேட்டியின் முனையைக் கவ்விக்கொண்டு போயின. வலையோடு வேட்டியும் விரிந்து, வெள்ளைக் கொக்கு மாதிரி பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது.

நாகபூஷணம் படகுக்குள் தொப்பென்று உட்கார்ந்தான். வலையை இழுத்தான், அடியில் ஏதோ வேரில் சிக்கிக்கொண்டது. இழுக்க எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்க முடியாது. கரையில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சட்டியோடு நின்றார்கள்.

"யோவ்! ஏன்யா குந்திக்கினு கீற? எழுந்து வலைய இழு!" என்று ஜெயம்மா கரையிலிருந்து கத்தினாள்.

"நீ மொதல்ல வூட்டுக்குப் போ!" என்று பதிலுக்குக் கத்தினான்.

மாமா எங்கள் வலையை எடுத்தார். வேட்டியை இழுத்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வீசினார். விழுந்த வலை கனத்தது. இன்னொரு தடவை வீசினார். சூரியன் தலைக்கு நேராக வருவதற்குள் கூடை நிறைந்து, மிச்ச மீன் என் காலைச் சுற்றித் துள்ளியது. திரும்பும்போது மாமா நாகபூஷணத்தின் படகை ஒட்டி நிறுத்தினார். தலைப்பாகையை அவிழ்த்து நீட்டினார்.

நாகபூஷணம் வாங்கிச் சுற்றிக்கொண்டான். "வெளிய சொல்லாதடா" என்றான் மெதுவாக.

"ஊரே பாத்துக்கினு கீது, நான் வேற சொல்லணுமா?"

கரையில் நாட்டாமை இரண்டு பேர் மீனையும் சாக்கில் கொட்டச் சொன்னார். அளக்கவே தேவையில்லாமல் இருந்தது. எங்கள் குவியலைச் சட்டிகள் சூழ்ந்துகொண்டன. "ஏரி தணிகாசலத்துக்கு" என்றார் அப்பாவு. "மாட்ட வித்துப் படகு வாங்கினான்னு இனிமே எவனும் பேசக் கூடாது. இன்னா நாகபூஷணம்?"

"குடுங்க. முழுகின படகுல மீனு புடிக்கிறவன்கிட்ட நான் இன்னா போட்டி போடுறது" என்றான் அவன், இடுப்பில் மாமாவின் தலைப்பாகையோடு.

அக்கா என் பக்கத்தில் வந்து, "ஏர்பேட்டுச் சந்தைக்குப் போற வண்டி கீது. அங்கேர்ந்து நம்ம ஊருப் பக்கம் போறவங்ககிட்ட நைனாவுக்குச் சொல்லி அனுப்பு, நீ வரமாட்டேன்னு" என்றாள். மீன் செதிலைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னும் சட்டி நிறையாத வீடுகள் இருந்தன. "வா மச்சான், நம்ம ஏரியில இன்னொரு வாட்டி போயாறலாம்" என்றார் மாமா. மேளக்காரர் மறுபடி அடித்தார். ஊர் முழுக்கப் பார்க்க, நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு பேரும் துடுப்பை ஓங்கிப் போட்டோம். படகு கொஞ்ச தூரம் போனது. அப்புறம் தலையை ஆட்டியது.

"கயிறு! கயிறுடா எத்திராஜு, கயிறு!" என்று கரையிலிருந்து கத்தினான் நாகபூஷணம். கத்திக்கொண்டே, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி ஓடிப் போய், பனைமரத்திலிருந்து அவனே அவிழ்த்து எறிந்தான்.