இழுவைக் கப்பலுக்கு எந்த லென்ஸ்

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி, மேசையின் தலைப்பக்க நாற்காலியில் மாமனார். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் இன்னமும் கேப்டன். அவருக்கு வலப்பக்கம் மகன், பல் டாக்டர். இடப்பக்கம் மகள், நீச்சல் பயிற்சியாளர். குளத்திலிருந்து நேரே வந்திருந்ததால் நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பங்கரைக் கதவை ஒட்டிய எதிர்முனையில் மருமகள். மகனுக்குப் பக்கத்து நாற்காலியில், பெண் பார்க்க வந்த விருந்தாளி போல அசையாமல், நீருக்கடியில் படமெடுக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அரைக்கோள மூடியான பெரிய கண்ணாடி டோம் ஒன்று வீற்றிருந்தது.

அந்த டோம் யார் வாங்கித் தந்தது என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல் டாக்டர் திருமண நாளுக்கு வாங்கித் தந்தது. அதனால்தான் பேச்சு சிக்கலாக இருந்தது.

மருமகளுக்குத் தொழில், பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுப்பது. மூன்று வரிசை, நடுவில் தலைமை ஆசிரியர், கண்ணை மூடாதே, பல்லைக் காட்டாதே. தண்ணீருக்கடியில் படம் எடுப்பது நாத்தனார் தொற்றவைத்த பழக்கம். இப்போது அது பழக்கத்தைத் தாண்டிப் பெரிய பொறுப்பாகத் தலையில் விழுந்திருந்தது.

கேப்டன் ஓட்டிய கப்பல், அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு புயலில், கட்டிப்போட்ட இடத்திலேயே ஆளில்லாமல் மூழ்கிப்போனது. ஆறு வருடமாகத் துறைமுகத்தின் அடியில் கிடக்கிறது. இன்னும் ஒன்பது நாளில், திங்கள்கிழமை, அதை வெட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்குமுன் ஒரு படம் வேண்டும் என்று கேப்டன் கேட்டார். அவர் ஒன்று வேண்டும் என்று வாய்திறந்து கேட்டு மருமகள் பார்த்ததே இல்லை.

போன மாதமே ஒரு முறை இறங்கிப் பார்த்தாயிற்று. கப்பல் முழுக்கத் தெரிய வேண்டுமே என்று மருமகள் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் பின்னால் போனாள். இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். தரையில் பின்னால் போனால் கூட்டம் முழுக்க படத்தில் அடங்கும். தண்ணீருக்குள் பின்னால் போனால், கேமராவுக்கும் கப்பலுக்கும் நடுவே கலங்கல்தான் கூடும். பச்சைப் புகையும், ஃப்ளாஷ் பட்டு மின்னும் தூசியும், அதற்குள் எங்கோ ஒரு நிழலும் வந்தன. கேப்டன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா வந்திருக்கும்மா" என்றார். அந்தப் பாராட்டு ஒரு மாதமாக அவள் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

துறைமுக அலுவலகம் இன்னொரு முறை இறங்க அனுமதி தந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை, நாற்பது நிமிடம். ஆனால் படகில் என்னென்ன ஏறும் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் செவ்வாய்க்குள் அவர்கள் மேசைக்கு வர வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு திருகாணிகூட ஏறாது. ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு டோம். இன்று பன்னிரண்டு மணிக்குத் தபால் அலுவலகம் மூடிவிடும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பல் டாக்டர். "வைடு லென்ஸ், பெரிய டோம். கோடு கோடா இருக்கும், நேர் நேரா இருக்கும். சின்ன டோமைப் போட்டா அந்த லென்ஸுக்கு ஓரமெல்லாம் குழம்பிடும்னு நீதானே சொன்னே?"

"அண்ணா, அந்த டோமைப் பிடிச்சுக்கிட்டு நீ ஒரு தடவை இறங்கிப் பாரு," என்றாள் நாத்தனார். "உள்ள முழுக்க காத்து. பலூன் மாதிரி மேல இழுக்குது. போன தடவை அண்ணி கேமராவைப் பிடிச்சாங்களா, கேமரா அண்ணியைப் பிடிச்சுதான்னே தெரியல."

"நீ மட்டும் என்ன சொல்லப் போறே, அந்தப் பொம்மையைத்தானே?"

பொம்மை என்றது நாத்தனாரின் சின்னக் கேமராவை. அதன் முகத்தில் அகல லென்ஸைத் தண்ணீருக்குள்ளேயே மாட்டலாம், கழற்றலாம். குளத்தில் பிள்ளைகளைப் படமெடுக்க அவளுக்கு அது போதும்.

"பொம்மைன்னு சொல்லு, பரவாயில்லை. ஆனா மூணு மீட்டர் அகலத்துக்குச் சுவர்ல மாட்டப் போற படத்துக்கு இது தாங்காது. அது எனக்கே தெரியும்," என்று அவள் தானே ஒதுங்கிக்கொண்டாள். "என்னைக் கேட்டா ஃபிஷ்ஐ, மீன் கண்ணு மாதிரி உருண்டை லென்ஸ். சின்ன டோம் போதும். மூக்குக்கிட்ட போய் எடுக்கலாம். கிட்ட போனா நடுவுல கலங்கல் கம்மி. அவ்வளவுதான் சமாச்சாரம்."

"வளையும்," என்றார் கேப்டன். "அந்த லென்ஸ்ல எல்லாம் வளையும்னு சொன்னீங்க. என் கப்பல் ஒரு நாளும் யாருக்கும் வளைஞ்சு கொடுத்ததில்ல."

மருமகள் எழுந்தாள். வாயால் பேசித் தீராத விஷயம் என்று பட்டது. மேசையின் நீளப் பக்கத்துக்கு நடுவே நின்று, வைடு லென்ஸால் ஒன்று, ஃபிஷ்ஐயால் ஒன்று, எல்லோரையும் எடுத்து, கேமராவை மேசைமேல் வைத்தாள்.

மூன்று தலைகள் குனிந்தன. வைடு லென்ஸ் படத்தில் சன்னல் சட்டம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த கேப்டனின் தலை பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காயாக அகன்றிருந்தது. ஃபிஷ்ஐ படத்தில் தலை சரியாக இருந்தது; ஆள்தான் நாற்காலியோடு சேர்ந்து வாழைப்பழமாக வளைந்திருந்தார்.

நாத்தனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் டாக்டருக்கு இருமல் வந்தது.

"சிரிங்க, சிரிங்க," என்றார் கேப்டன். "ஒண்ணுல பூசணி, ஒண்ணுல பழம். கடையில கொண்டுபோய் வச்சிடுங்க."

மருமகள் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் தொங்கிய விளக்கின் கம்பி இரண்டு படத்திலும் துளிகூட வளையவில்லை. குரூப் போட்டோவில் பதினைந்து வருடமாக அவளே செய்வதுதானே: பருமனான ஆசிரியரை ஓரத்தில் நிறுத்துவதில்லை. கேப்டனை ஓரத்தில் விட்டது லென்ஸ் இல்லை, அவள்தான்.

"மாமா, ஒரு நிமிஷம் நடு நாற்காலிக்கு வாங்க."

நாத்தனார் வாயிலிருந்து துண்டை எடுத்தாள். அந்தத் தலைப்பக்க நாற்காலியை விட்டு அவர் எழுந்து வேறொன்றில் உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை. டாக்டருக்குப் பெண் பேசப் போன அன்று சம்பந்தி வீட்டிலும் தலைப்பக்கம்தான்.

"எதுக்கு?"

"உங்களைத்தான் கப்பலோட கொடிமரமா வச்சுப் பாக்கப் போறேன்."

அவர் எழுந்தார். மகன் அவசர அவசரமாக டோமை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கேப்டன் அந்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். மருமகள் மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து, குனிந்து, அவர் மூக்குக்கு ஒரு முழத்தில் ஃபிஷ்ஐயை நீட்டிப் பிடித்து எடுத்தாள்.

இந்த முறை கேப்டனே கேமராவை இழுத்துப் பார்த்தார். உடல் நேராக நின்றது. முகம் பெரிதாக, மார்பு முன்னால் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் மகன் சிறுத்து, அறை முழுவதும் அவருக்குப் பின்னால் வட்டமாக ஒதுங்கி நின்றது.

"மூக்கு பெருசா இருக்கே," என்றார். குரலில் கோபம் இல்லை.

"கிட்ட இருக்கறது பெருசாகும் மாமா. கப்பல்ல எது முன்னாடி வரணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் தாளைக் கேட்டு வாங்கிக் கப்பலை வரைந்தார். முன்மூக்கு, வளைவு. விலாவைச் சுற்றித் தொங்கிய டயர்கள், வட்டம். மேல்தளம் நடுவில் பள்ளமாகி இரு முனையிலும் ஏறியது. புகைபோக்கி உருளை. வரைந்து முடித்துப் பென்சிலை வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"நேர்க்கோடுன்னு பாத்தா கொடிமரம் ஒண்ணுதான்," என்றார் மெதுவாக.

"சுக்கான் அறைச் சன்னல்?" என்றார் மகன், கடைசி முயற்சியாக.

"முன்மூக்குப் பக்கம் இருந்து பாத்தா அதுவும் நட்டநடுவுலதான்டா வரும். வளையாது." பிறகு மருமகளிடம் திரும்பினார். "எதிர்ல வர்ற பெரிய கப்பல்காரனுக்கு என் கப்பல் அப்படித்தாம்மா தெரியும். மூக்கு மட்டும். குட்டியா இருந்துகிட்டு என்ன திமிருன்னு கேப்பானுங்க. பின்பக்கம் கலங்கல்ல மறைஞ்சா?"

"மறையும் மாமா. முழுசும் வராது. அதை இப்பவே சொல்லிடறேன்."

"மறையட்டும். பின்பக்கம் பெயின்ட் எப்பவும் கேவலமாத்தான் இருந்துச்சு."

மணி பதினொன்றே கால். மருமகள் பேனாவைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள். மடியில் டோமோடு அவர் உட்கார்ந்திருந்தது குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர் போல இருந்தது.

"தெளிஞ்ச தண்ணி, தூரத்துல பெரிய பாறை, அதுக்கெல்லாம் இதுதாங்க வேணும்," என்றாள். "இந்தத் தண்ணிக்கு இல்ல."

"எழுதும்மா, எழுது. எனக்கென்ன? பல்லுல பூச்சின்னா நானும் பெரிய கொறடு தூக்கிட்டா வரேன்?" என்றார் பல் டாக்டர்.

ஐயா, எனத் தொடங்கி அவள் எழுதினாள். கேமரா ஒன்று. அதற்கான நீர்ப்புகாப் பெட்டி ஒன்று. ஃபிஷ்ஐ லென்ஸ் ஒன்று. சிறிய டோம் ஒன்று. ஃப்ளாஷ் இரண்டு, நீண்ட கைகளுடன், வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு. இறங்குபவர்கள் இருவர். ஏழாவது வரியைக் கேப்டன் சொல்லச் சொல்ல எழுதினாள்: படகைக் கப்பலின் முன்மூக்குப் பக்கமே நிறுத்த வேண்டும், பின்பக்கம் நிறுத்தினால் நாற்பது நிமிடத்தில் பாதி நீந்தியே போய்விடும்.

கையெழுத்துப் போட்டாள். உறைக்குள் வைக்குமுன் லென்ஸ் வரியை இன்னொரு முறை படித்தாள். அடிக்கவில்லை, திருத்தவில்லை. கேப்டன் உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் தேய்த்தார். நாத்தனார் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடியே உறையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். பதினொன்று ஐம்பதுக்குத் தபால் அலுவலகத்துச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அதை எடை போட்டு, முத்திரை குத்தி, துறைமுகத்துப் பைக்குள் போட்டார்.