கு ஏழு சொன்னது

பூரணம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றபோது கரும்பலகையில் ‘அடிக்குறிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கோப்பாயிலிருந்து வெயிலுக்குள் நடந்தே வந்திருக்கிறாள். யாரென்று கேட்க முதலே சத்தம் போட்டாள்.

“மிஸ், என்ரை பிள்ளை சண்முகநாதனை இயக்கப் பொடியள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். மூண்டு நாளாய் அலையிறன். எல்லாம் உங்கடை படிப்பாலை வந்த வினை.”

எனக்குக் கையிலிருந்த வெண்கட்டி உடைந்தது. சண்முகநாதன் என் இறுதியாண்டு மாணவன். பொருளாதாரத் தடை குருநகர் மீனவர் குடும்பங்களை எப்படிப் பாதித்தது என்பது அவனுடைய ஆய்வு. தோட்டம் செய்கிற விவசாயி பெற்ற பிள்ளை கடற்கரைக்குப் போய் ஆராயப் போகிறேன் என்றபோது, நான்தான் துள்ளிக் குதித்து ‘போ’ என்றேன். வினாக்கொத்தும் நான் திருத்திக் கொடுத்ததுதான். எத்தனை படகு, எஞ்சின் எத்தனை குதிரைவலு, எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவீர்கள், எவ்வளவு மண்ணெண்ணெய் செல்லும், எங்கே வாங்குவீர்கள்.

அது மண்ணெண்ணெயைப் போத்தலில் அளந்து விற்ற காலம். அரசாங்கம் வர விடாது. தப்பித் தவறி வந்ததை இயக்கம் பங்கிட்டுக் கொடுக்கும். பங்குக்கு வெளியே வாங்கினவன் இன்னான் என்று தெரிந்தால் அவன் தொலைந்தான். அதனால் ஒருவருடைய பெயரையும் எழுதாதே, குருநகர் ஒன்று, குருநகர் இரண்டு என்று கு-1, கு-2 போடு என்று சொல்லிவைத்திருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்! உளவாளிகள்தான் அப்படி எழுதுவார்கள் என்று என் மண்டைக்குள் ஏறவேயில்லை.

பூரணத்தை வகுப்பிலேயே இருத்திவிட்டு, அவள் சொன்ன இயக்கக் காவலரணுக்குச் சைக்கிளை எடுத்தேன். காவலரண் என்றாலும் அது வெளிநாடு போன யாரோ விட்டுப்போன வீடுதான். வாசலில் செவ்வரத்தை பூத்திருந்தது. பொறுப்பாளர் என் மாணவர்களின் வயதுதான் இருப்பார். கதிரை எடுத்துப் போட்டு, “இருங்கோ அக்கா” என்றார். அந்த மரியாதைக்குப் பயந்து நுனியில்தான் இருந்தேன்.

மேசையில் சண்முகநாதனின் கட்டுரை கிடந்தது.

“இந்தச் சிவப்பு எழுத்து ஆற்றை?”

“என்ரை கையெழுத்துத்தான், தம்பி. நான் சண்முகநாதனுக்குப் படிப்பிக்கிறனான்.”

அவர் ஆறுதலாக வாசித்தார். “‘இது யார் சொன்னது? எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு? விவரம் போதாது, திரும்பப் போய்க் கேள்.’ உதுகளை எல்லாம் எடுத்து ஆருக்கு அனுப்பப் போறியள்?”

பதினைந்து வருடமாக எல்லாப் பிள்ளைகளின் கட்டுரையிலும் இதைத்தான் எழுதுகிறேன். அந்த அறையில் அவர் வாசிக்கக் கேட்டபோது எனக்கே என்னில் சந்தேகம் வந்தது.

“ஒருத்தருக்கும் அனுப்புறேல்லை. புள்ளி போட்டு அலுமாரிக்குள்ளை வைக்கிறது.”

“ஒரே கேள்வியை ஏன் எல்லாரிட்டையும் கேக்கிறியள்?”

“ஒருத்தர் பொய் சொன்னாலும் மற்றவை சொல்லுறதோடை ஒத்துப் பார்த்தால் தெரியும்.”

“நாங்களும் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்” என்றார். சிரிக்கவில்லை.

பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். “இந்தக் கு ஏழு. கொடிகாமத்திலை ஒருத்தரிட்டைக் கள்ளமாய் எண்ணெய் வாங்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். ஆர் உவர்? அதை மட்டும் சொன்னால் பொடியன் வீட்டை போகலாம். கேட்டால் பச்சைக் குழந்தையும் நம்பாத கதை சொல்லுறான்.”

சண்முகநாதனைக் கூட்டிவந்தார்கள். உதடு வீங்கிக் கிடந்தது. சேட்டில் பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் வகுப்புக்குப் பிந்தி வந்தவன்போலத் தலையைக் குனிந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“சொல்லன் சண்முகநாதன்! ஆரெண்டு சொல்லிப்போட்டு வா!”

அவன் வாய் திறக்கவில்லை. பெயரை வெளியே சொல்லாதே என்று நான் படிப்பித்த வாக்கைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். நாசமாய்ப் போன வாக்கு.

“சொல்லாட்டி இஞ்சை வைச்சிருக்கேலாது அக்கா. பின்னேரம் வேறை இடத்துக்கு மாத்திப்போடுவம்.”

அந்த வேறு இடத்துக்குப் போனவர்களை யாழ்ப்பாணத்தில் யாரும் திரும்பக் கண்டதில்லை. அங்கே வகுப்பில் பூரணம் காத்திருக்கிறாள். வாய் தானாகத் திறந்தது.

“கு ஏழு செத்துப்போனார் தம்பி. சிமியோன். போன மாதம் கடலுக்குப் போய் வராத ஆள். செத்தவரின்ரை பேரை எழுத வேண்டாமெண்டு நான்தான் இவரைத் தடுத்தனான்.”

சிமியோன் உண்மையான ஆள். அவருடைய மனைவி யோசப்பின் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவள். அந்த மாதம் முழுக்க அவள் வரவில்லை. செத்தவரை யார் பிடித்து விசாரிக்கப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

பொறுப்பாளர் சண்முகநாதனைப் பார்த்தார். “உண்மையோ?”

கடவுளே, இவன் மட்டும் இப்போது ஆதாரம் கேட்டுவிடக் கூடாது என்று இருந்தேன். அவன் தலையை நிமிர்த்தினான்.

“ஓம். கொய்யாத்தோட்டத்துக்குப் போற வழியிலை, ஒரு தேத்தண்ணிக் கடையிலை கண்டு கதைச்சனான்.”

பொறுப்பாளர் வெளியே நின்ற இருவரிடம் ஏதோ சொன்னார். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது. எங்களை அப்படியே இருத்திவைத்தார்கள். அது திரும்பி வந்து, அவர் காதில் ஏதோ சொன்ன பிறகுதான், “கூட்டிக்கொண்டு போங்கோ. உது இஞ்சை கிடக்கட்டும்” என்று கட்டுரையை மேசை லாச்சிக்குள் போட்டார்.

அவனைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு நான்தான் உழக்கினேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சந்தி தாண்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

“சரி, இனிச் சொல்லு. உண்மையிலை கு ஏழு ஆர்?”

“ஒருத்தரும் இல்லை மிஸ்.”

பிரேக்கைப் பிடித்தேன். இருவரும் விழப் பார்த்தோம்.

“ஆறு பேர்தான் கதைச்சவை. மற்றவை, கோப்பாயானுக்குக் கடலிலை என்ன வேலை எண்டு கலைச்சுப்போட்டினம். நீங்கள் முப்பது பேர் இல்லாட்டிப் பெயில் எண்டியள். ஏழாவது ஆளிலை இருந்து நானாய்க் கற்பிச்சு எழுதினது.”

“அட விசரா! அதை அவங்களுக்குச் சொல்லியிருக்கலாமே!”

“முதல் நாளே சொன்னனான். பொய்யெண்டால் இவ்வளவு விவரமாய் ஆரடா எழுதுவான் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள். நீங்கள் விவரம் போதாது எண்டு எழுத எழுத நான் கூட்டிக்கொண்டே போனனான் மிஸ்.”

அவனுடைய கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அப்போதுதான் வேறொன்று என் மண்டைக்குள் ஏறியது. இல்லாத ஆளுக்கு நான் ஒரு வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் போய்வந்தது அந்த வீட்டுக்குத்தான். யோசப்பினை என்ன செய்தார்களோ! பூரணம் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று சைக்கிளைக் குருநகர்ப் பக்கம் திருப்பினேன்.

யோசப்பின் முற்றத்தில் கறுப்புச் சீலையோடு இருந்தாள். வீட்டுச் சாமான் எதுவும் கலையவில்லை. அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். காயம் ஒன்றும் இல்லை.

“ரீச்சரோ? வாங்கோ. இப்பதான் பொடியள் வந்திட்டுப் போறாங்கள். இவர் படிக்கிற பொடியன் ஆரோடையும் கதைச்சவரோ எண்டு கேட்டாங்கள். நான் பகலெல்லாம் சந்தையிலை, எனக்கென்ன தெரியும்? உந்த மனுசன்ரை வாய் சும்மா இருக்காது, ஆரோடையும் கதைச்சிருக்கும் எண்டன். போட்டாங்கள்.”

அந்தோனியாரே, பிள்ளையாரே என்று எல்லோரையும் ஒரே மூச்சில் கும்பிட்டேன். அப்போதுதான் அவள் சண்முகநாதனைப் பார்த்தாள்.

“நீயோ தம்பி அந்தப் பொடியன்? என்ரை மனுசன் என்ன சொன்னவர்?”

அவன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் முற்றத்து மணலைப் பார்த்தேன்.

“காத்து மாறினால் திரும்பி வந்திடுவன் எண்டவர் அக்கா. எண்ணெய் வீணாப் போனாலும் பரவாயில்லையாம். பொழுதுபட்டால் மனுசி படலை வாசலிலை வந்து நிப்பாளாம். அதை நினைச்சால் கடலிலை நிக்க மனம் வராதாம்.”

கு ஏழின் பக்கத்தில் இருந்த வரி அது. ‘ஆய்வுக்குத் தேவையற்றது’ என்று சிவப்பால் வெட்டியிருந்தேன்.

யோசப்பின் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் நிக்கிறனான்தான். ஓம், நிக்கிறனான். பாத்தியளே, எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. ஆரோ பொடியனுக்குச் சொல்லியிருக்கிறார்.” அழுதாள், இடையில் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உதை உங்கடை புத்தகத்திலை எழுதுவியளோ ரீச்சர்? எழுதினால் அவரின்ரை பேரையும் போடுங்கோ. சிமியோன் எண்டு.”

“ஓம். போடுவம்” என்றேன்.