வெள்ளையாய் நின்ற ஊசிமலை பஸ்

ஜீவராணிக்குத் தெரியாத பஸ் கேம் உலகத்தில் இல்லை. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, ஜீவராணிதான். ஆனாலும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கைப்பேசியில் பஸ் ஓட்டும் விளையாட்டுகளில், கூடவே வருகிற பஸ்ஸை அப்படியே ஓட்டுகிறவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை. பஸ்ஸுக்குத் தன் கையால் ஒரு சட்டை வரைந்து போட்டு, ஹார்னை மாற்றி, முகப்பில் ஊர்ப் பெயரை எழுதி ஓட்டினால்தான் அவளுக்கு அது ஓட்டம். அந்தச் சட்டைக்கு ஸ்கின் என்று பெயர். அதை விளையாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற செயலி மோட் டூல்.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் இவள். கீறல் விழுந்த போனில், விரல் நுனியால் வரைந்து வரைந்தே மூன்று வருஷத்தில் நாற்பது பஸ்களுக்குச் சட்டை போட்டிருந்தாள். இரத்தினபுரியிலும் மாத்தறையிலும் பையன்கள் அவற்றை ஓட்டுகிறார்கள். 'ஜீவா' என்று மட்டும் பெயர் போடுவதால் அவளை ஆண் என்று நினைத்து 'மச்சான்' போட்டுப் பேசுவார்கள். அவளும் திருத்தியதில்லை. மச்சான் என்றால் மரியாதை கூடத்தானே.

பலாங்கொடை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முக்தார் முதலாளி ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, டவுனுக்கும் ஊசிமலைக்கும் ஓட்டப் பெர்மிட்டும் எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஜீவராணி கூப்பிடாமலேயே போய் நின்றாள். தான் வரைந்ததைக் காட்டினாள். கீழ்ப்பாதி தளிர்ப் பச்சை, மேலே பால் நிறம், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. முகப்புப் பலகையில் மேலே சிங்களத்தில் தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர், கீழே அதே அளவு எழுத்தில் தமிழில் 'ஊசிமலை'.

முதலாளி போனைத் தூரவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஈக்கி மகள். போட்டோவுல எல்லா பஸ்ஸும் மாப்பிள மாதிரித்தான் தெரியும். வளைவுல திரும்பக்குள்ள எப்பிடி ஈக்குமெண்டு பாக்கோணும். ஓட்டிக் காட்டேலுமா?"

"ஏன் முடியாது? நம்ம ரோடு மாதிரியே வளைவு உள்ள ரோட்டுல ஓட்டிக் காட்டுறேங்க."

"அது சரி, இந்தத் தமிழ் எழுத்து என்னத்துக்கு? தோட்டத்து ஆக்கள் எல்லாம் சிங்களம் பேசுறதுதானே."

"பேசத் தெரியும் முதலாளி. வாசிக்கத் தெரியாதுங்களே."

முதலாளி தாடியைத் தடவினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வர்ணம் பூசுகிற பாஸ், அதாவது மேஸ்திரி, வருவார், அதற்குள் ஓட்டிக் காட்டினால் இதுதான், இல்லாவிட்டால் கொழும்பு ஸ்டிக்கர், தனிச் சிங்களப் பலகை என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டிக்கர் மாதிரியையும் காட்டினார். நீல அலை, அதன் மேலே ஒரு கழுகு. ஜீவராணிக்கு எரிச்சல் வந்தது. ஊசிமலையில் கழுகைக் கண்டவன் யார்? அலையைக் கண்டவன் யார்? இந்தக் கழுகிடம் தோற்பதற்கா மூன்று வருஷம் விரல் தேய்ந்தது?

முதலாளி கடையை விட்டு வந்த வேகத்தில் அவள் ஒரு தவறு செய்தாள். டவுனில் தெரிந்த கடையொன்றில் வைஃபை கிடைத்த சந்தோஷத்தில், பல நாளாய்க் கெஞ்சிக்கொண்டிருந்த ஆண்ட்ராய்டு அப்டேட்டை அமுக்கிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். ஞாயிறு காலை மோட் டூலைத் திறந்தால், விளையாட்டின் கோப்புறைக்குள் போக அனுமதி இல்லை என்று அது கையை விரித்தது. புது ஆண்ட்ராய்டில் ஒரு செயலியின் வீட்டுக்குள் இன்னொரு செயலி எட்டியும் பார்க்க முடியாது.

"அப்பிடியா சங்கதி," என்றாள் ஜீவராணி போனைப் பார்த்து. முன்வாசல் பூட்டினால் பின்வாசல் இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, வயர்லெஸ் டிபக்கிங்கைப் போட்டு, இதற்கென்றே இருக்கும் உதவிச் செயலி ஒன்றுக்கு ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால், அது உள்ளே போகும் அதிகாரத்தை வாங்கித் தரும். ஒரே ஒரு சிக்கல், அதற்கு வைஃபை வேண்டும். லயத்தில் வைஃபைக்கு எங்கே போவது? பக்கத்துக் காம்பரா தங்கம்மா அத்தையிடம் போனாள்.

"அத்த, ஒங்க போன்ல ஹொட்ஸ்பொட்ட கொஞ்சம் போடுங்க."

"போடி. போன தடவ போட்டு என் டேட்டா பூராவும் முடிஞ்சிருச்சு."

"டேட்டாவ ஓஃப் பண்ணிட்டே போடுங்க. எனக்கு இன்டர்நெட்டு வேணாம், வைஃபை இருக்குன்னு என் போனு நம்புனா போதும்."

"ஒன்னுமே இல்லாதத இருக்குன்னு நம்புமா ஒன் போனு? நல்ல போனுடி," என்று தங்கம்மா அத்தை சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

போன் நம்பியது. ஐந்தே நிமிஷத்தில் பூட்டு திறந்தது. ஜீவராணி ஸ்கினை உள்ளே ஏற்றி விளையாட்டைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே அது மூடிக்கொண்டது. இதற்கும் அவள் அசரவில்லை. வரைந்த படம் இந்தப் போனின் தலைக்கு மேலே போகிற அளவு பெரிசு. படத்தின் அளவைப் பாதியாக்கித் திரும்ப ஏற்றினாள். இந்த முறை விளையாட்டு திறந்தது. பஸ்ஸும் வந்து நின்றது.

வெள்ளைவெளேரென்று நின்றது. பச்சையுமில்லை, சிவப்புக் கோடுமில்லை, ஊசிமலையுமில்லை. ஹார்னை அமுக்கினால் சத்தமுமில்லை.

கேஷை அழித்துப் பார்த்தாள். டூலை மாற்றிப் பார்த்தாள். வேறொரு பையன் செய்த ஸ்கினை ஏற்றினால் அது அழகாக வந்தது, இவளுடையது மட்டும் வரவில்லை. வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு, "கேம் எக அன்இன்ஸ்டோல் கரலா ஆயே தாபன் மச்சான்," என்றான் ஒருவன். அழித்துவிட்டுத் திரும்பப் போடவாம். அழித்தால் கோப்புறையும் சேர்ந்து போகும், மூன்று வருஷ ஓட்டமும் போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்குப் பயம் வந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாத சாமான், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இதுவரை செய்த ஸ்கின்களுக்கெல்லாம் கூடப் போகிற சிறிய எழுத்துக் கோப்பை அவள் வேறு யாரிடமிருந்தாவது எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றுவாள். முதல் வரியில் ஸ்கின் படத்தின் பெயர், இரண்டாம் வரியில் ஹார்னின் பெயர், மூன்றாவதில் பலகையின் பெயர். இந்த பஸ் அவளுக்கு விசேஷம் என்பதால் அந்தக் கோப்பையும் முதன்முறையாகத் தானே எழுதியிருந்தாள். அதில்தான் ஏதோ இருக்கிறது என்று மனசு சொன்னது. ஆனால் பத்துத் தடவை பார்த்தாயிற்று, ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. குலுங்கிக் குலுங்கிப் போகிற பஸ்ஸில் பதினோராம் தடவையும் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

முக்தார் முதலாளி கடையின் முன்னால் நின்றார். பக்கத்து வெறும் வளவில் அந்தப் பழைய பஸ், அடிப்பூச்சு மட்டும் பூசி, போனில் நின்றதைப் போலவே வெள்ளையாய் நின்றது.

"ஓட்டுவமா மகள்?"

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. சின்ன வேல ஒன்னு இருக்கு."

"பாஸ் வார நேரம். வரலண்டா வரலண்டு சொல்லுங்க, பரவால்ல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. இவளிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது போல, கடைக்குள் போய் மேசையில் ஒரு தாளை இழுத்து வைத்து, பாஸுக்குக் கொடுக்கவேண்டிய விவரத்தை எழுதத் தொடங்கினார். உச்சியில் நடுவில் சின்னதாக 786 என்று போட்டார். அதற்குக் கீழே, 'நீலம் – அலை – கழுகு' என்று எழுதினார்.

ஜீவராணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதலாளி, அந்த எண்ணும் பாஸுக்கா?"

"அது பாஸுக்கில்ல மகள். அல்லாட பேரச் சொல்லித் தொடங்குறதுக்கு. எங்கட ஆக்கள் எதெழுதினாலும் மேலால போடுவாங்க. நீங்க போடுற இல்லையா ஒண்டு?"

"அட கடவுளே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கடைப் பூனை மேசையிலிருந்து குதித்தது.

பிள்ளையார் சுழி! முதன்முதலாய்த் தானே எழுதுகிற கோப்பு என்று, பரீட்சைத் தாளுக்குப் போடுவது போல உச்சியில் ஓர் 'உ' போட்டுத்தான் தொடங்கியிருந்தாள். பதினொரு தடவையும் கண் அதைத் தாண்டியே போயிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தக் கொப்பியின் தலையிலும் இருப்பதை யார் நின்று படிப்பார்கள்? விளையாட்டுக்கோ பிள்ளையாரைத் தெரியாது. முதல் வரியில் 'உ' இருந்ததால் 'உ' என்கிற படத்தைத் தேடியிருக்கிறது. கிடைக்காமல் பஸ்ஸை வெள்ளையாகவே விட்டிருக்கிறது. இரண்டாம் வரியில் ஹார்னைத் தேடி, அங்கே படத்தின் பெயரைக் கண்டு ஊமையாகியிருக்கிறது.

"மன்னிச்சுக்கப்பா," என்று பிள்ளையாரிடம் வாய்விட்டே சொல்லி அவரை அழித்தாள். காலையில் திறந்த பூட்டு இன்னும் திறந்தே இருந்ததால் கோப்பைத் திரும்ப உள்ளே போட்டாள். விளையாட்டைத் திறந்தாள்.

பச்சையும் பால் நிறமுமாய் வந்து நின்றது ஊசிமலை பஸ். ஹார்னை அமுக்கினாள். மேசைக்குக் கீழே பதுங்கியிருந்த பூனை இப்போது கடையை விட்டே ஓடியது.

வளைவுக்கு வளைவு அவள் பஸ்ஸைத் திருப்ப, முதலாளி தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தார். சிவப்புக் கோடு வளைந்து நீள்வதைப் பார்த்து, "சா!" என்றார். பிறகு பொறுக்காமல் போனைத் தன் கைக்கே வாங்கி ஓட்டினார். மூன்றாவது வளைவில் பஸ்ஸைப் பள்ளத்தில் கவிழ்த்தார்.

"நல்ல காலம், நெசத்துல ஓட்டுறதுக்கு ட்ரைவர் ஈக்கார்," என்று தானே சிரித்துக்கொண்டு, அலையும் கழுகும் இருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

இரண்டு மணிக்குப் பாஸ் வந்தார். மெலிந்த சிங்கள மனிதர், சட்டையெல்லாம் பல பஸ்களின் வர்ணம். போனைப் பார்த்துத் தலையாட்டினார். பச்சைக்குச் சம்மதம், கோட்டுக்குச் சம்மதம். பலகைக்கு வந்ததும் விரல் தமிழ் வரியில் நின்றது.

"மட தெமள லியன்ட பே, முதலாளி," என்றார். தமிழ் எழுத வராதாம்.

முதலாளி ஜீவராணியைப் பார்த்தார். "அப்ப அந்த ஒண்ட மட்டும் விட்டிருவமா மகள்? மத்ததெல்லாம் நீங்க சொல்லுற மாதிரித்தானே."

மற்றதெல்லாம் என்றால் நிறம். நிறத்தை யாரும் போடலாம். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் கூப்பிடாமல் இந்தக் கடைக்கு வந்ததே.

"நா எழுதுறேன்," என்றாள். பாஸின் பக்கம் திரும்பி, "மம லியன்னம், பாஸ். சோக் தென்ன," என்று அவர் பாஷையிலும் சொல்லி, சோக்கட்டி கேட்டுக் கை நீட்டினாள்.

ஆறு அங்குலக் கண்ணாடியில் விரலால் எழுதியவளுக்கு, ஒரு முழ உயரப் பலகையில் எழுதக் கை முழுவதும் தேவைப்பட்டது. பாஸ் கொடுத்த ஸ்டூலில் ஏறி நின்றாள். முதலில் எழுதியது சிறுத்து ஒரு மூலையில் ஒடுங்கியது. துணியால் துடைத்தாள். இரண்டாம் தடவை தோளிலிருந்து கையை வீசி எழுதினாள். 'லை' கொஞ்சம் பருத்துவிட்டது. பாஸ் தூரத்தில் நின்று பார்த்து, நல்லாயிருக்கிறது, அப்படியே விடு என்று சைகை காட்டினார்.

அந்த நேரம் சாமான் பையோடு ரோட்டில் போன தோட்டத்துப் பெண்ணொருத்தி நின்றாள். வேறு டிவிஷன்காரி, ஜீவராணிக்கு முகம் மட்டுமே தெரியும். சோக்கட்டி எழுத்தை அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"ஊ... சி... ம... லை. நம்ம தோட்டத்துக்கா புள்ள? எத்தன மணிக்கு எடுப்பாங்க?"

"இன்னம் ஓடத் தொடங்கல்ல," என்றார் முதலாளி. "வாரம் ரெண்டு போகும்."

"ஓடட்டுங்க. நா கல்யாணம் கட்டி வந்த நாள்லருந்து பஸ் ஸ்டேண்டுல ஒவ்வொரு பஸ்ஸா போயி, இது எங்க போகுது, இது எங்க போகுதுன்னு கேட்டுக் கேட்டுத்தான் ஏறுறேன். சிரிப்பானுங்க. இது ஒன்னையாவது நானே பாத்து ஏறிக்கிறேன்."

ஜீவராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டூலில் நின்றபடியே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முக்தார் முதலாளி அந்தப் பெண் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், பின்னுக்கும் ஒரு பலகை ஈக்கி. அதிலயும் எழுதுங்க. கொஞ்சம் பெரிசா."

ஜீவராணி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் போனாள்.